சுற்றாடல் கையேடுகளை யார் பரிசோதிக்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உலகச் சுற்றாடல் தினம் நெருங்கினால் போதும், எங்கள் பாடசாலைகளுக்குச் சுவரொட்டிகளும் செயலட்டைகளும் கையேடுகளும் வந்து குவிகின்றன. திணைக்களம், தொண்டு நிறுவனம், தனியார் கம்பனி என்று எல்லோரும் அனுப்புகிறார்கள். வழுவழுப்பான தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள். பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தக்கவைதானா என்று இவற்றை ஒருவராவது உட்கார்ந்து வாசித்துப் பார்க்கிறாரா?

அண்மையில் என் வகுப்புக்கு வந்த ஒரு செயலட்டை, ஜூன் 5ஆம் திகதி ஆளுக்கொரு மரக்கன்று நடச் சொல்கிறது. காலியிலும் களுத்துறையிலும் நடலாம். அங்கே தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை பெய்யும் காலம் அது. திருகோணமலையில் அப்போது கச்சான் காற்று அனலாக வீசும். நமக்கு மழை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியோடுதான் வரும். பெரும்போகத்துக்கு ஒக்டோபரில் வயலில் இறங்கும் விவசாயியின் பிள்ளைக்கு இது தெரியும், அட்டை தயாரித்தவருக்குத் தெரியவில்லை. கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போகும் மாதத்தில் நட்ட கன்று கருகத்தான் செய்யும். மரநடுகை என்பது புகைப்படம் எடுப்பதற்கான சடங்கு என்று பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும். அந்த அட்டையில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்!

வட அமெரிக்கச் சுற்றாடல் கல்விச் சங்கம் 1996இலேயே இத்தகைய கற்பித்தல் சாதனங்களை மதிப்பிட ஆறு அளவுகோல்களை வெளியிட்டது: நடுநிலையும் தகவல் சரியாயிருத்தலும், ஆழம், திறன் வளர்த்தல், செயலில் இறங்கத் தூண்டுதல், கற்பித்தலுக்குப் பொருந்துதல், பயன்படுத்த எளிதாயிருத்தல். அவர்களுடைய பட்டியலை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. ஆனால் முதல் அளவுகோலில் மட்டும் நிறுத்திப் பார்த்தாலே நம்மிடம் வருபவற்றில் பல தேறமாட்டா.

யானை பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் யானை சிரிக்கிறது. விவசாயி கோடரியோடு நிற்கிறார். கந்தளாயிலோ சேருவிலயிலோ யானைவெடிச் சத்தத்துக்கு நடுவே தூங்கும் பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்து என்ன நினைக்கும்? தன் தகப்பன்தான் குற்றவாளி என்றா? காடு குறைந்த கதை, யானை நடமாடும் பாதையில் குடியேற்றமும் வயலும் வந்த கதை, மின்வேலியின் நன்மை தீமை எல்லாவற்றையும் பிள்ளைகளே விவாதிக்க இடம் தருவதுதான் நடுநிலை. குளிர்பானக் கம்பனி அச்சிட்ட கையேடு போத்தலை எறியும் சிறுவனை மட்டும் திட்டுகிறது. போத்தலைச் செய்து விற்றவரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இன்னொரு கையேட்டில் முருகைக்கற்பாறை என்றால் அவுஸ்திரேலியா மட்டும்தான். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு இருக்கிறது; 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். முருகைக்கல்லின் மேல் ஏறி நிற்காதீர்கள் என்று சுற்றுலாப் பயணிக்குச் சொல்ல, படகோட்டியின் பிள்ளையைப் பழக்கலாம். அந்தப் பிள்ளை நாளைக்கே செய்யக்கூடிய வேலை அது. கையேடோ "இயற்கையைக் காப்போம்" என்று உறுதிமொழி எடுக்கச் சொல்லிவிட்டு முடிந்துவிடுகிறது.

அச்சுக்குப் போகுமுன் இவற்றை இங்குள்ள ஆசிரியர்களிடம் கொடுங்கள். நகரத்தில் ஒரு வகுப்பிலும் மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வகுப்பிலும் நடத்திப் பார்க்கட்டும். மீனவர் ஒருவரும் விவசாயி ஒருவரும் ஒரு தடவை வாசிக்கட்டும். வலயக் கல்வி அலுவலகம் மனம் வைத்தால் இதற்குப் பெரிய செலவில்லை. ஆசிரியர்கள் குறைநிறைகளை எழுதி அனுப்புவதற்குப் பின்னட்டையில் ஒரு முகவரியாவது போடுங்கள். இப்போது அங்கே அனுசரணையாளர்களின் இலச்சினைகளுக்குத்தான் இடமிருக்கிறது.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.