வெள்ளையடிப்பது சுவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமைதி காக்கும் பணிக்கு வெளிநாடு போகும் இராணுவ வாகனங்களை ‘வெள்ளையடித்து’ அனுப்புவதாக உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். வெள்ளையடிப்பது சுவருக்கு. 1941 குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் ஜேர்மன் படையும் சோவியத் படையும் தாங்கிகளுக்குச் சுண்ணாம்பு கரைத்துப் பூசியதை வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். பனி கரைந்ததும் அதைக் கழுவிவிட்டார்கள். இன்று ஐ.நா. பணிக்குப் போகும் வாகனத்துக்கு அடிக்கும் வெள்ளை, வருடக்கணக்கில் வெயிலைத் தாங்கவேண்டியது. ஊர் திரும்பினால் மறுபடி பழைய நிறம். இரண்டு தடவைச் செலவையும் ஐ.நா. ஈடுசெய்கிறது. ஆனால் வேலையில் போகும் நாட்களையும் பெயின்ற் அடிப்பவரின் நெஞ்சையும் யாரும் ஈடுசெய்வதில்லை.

ஆறு சில்லு லொறி ஒன்றுக்கு வெளிப்பரப்பு சுமார் 60 சதுர மீற்றர் என்று வையுங்கள். காய்ந்த படலம் 50 மைக்ரோன் வேண்டும், பெயின்றில் திடப்பொருள் பாதி என்றால், கடதாசிக் கணக்கில் ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்குக் காணும். திறந்த வெளியில் பெயின்றை விசிறும் சாதாரண ஸ்பிரே கன்னால் அடித்தால் பாதி காற்றோடு போய்விடும். ஆகவே 6 லீற்றர் அல்ல, 12. நாலுக்கு ஒன்று கலவையில் அது 9.6 லீற்றர் பெயின்றும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 2.4 லீற்றரும். ஐம்பது லொறிக்கு 480உம் 120உம். அண்டர்கோட்டும் தின்னரும் இதில் சேராது. வழக்கத்தில் முதலில் பற்றாமல் போவது ஹார்ட்னர்தான். மூடியைச் சரியாக இறுக்காவிட்டால் காற்றின் ஈரம் உள்ளே போய், காபனீரொட்சைட்டு உண்டாகி டின் ஊதும். ஊதிய டின்னை எறிய மனமில்லாமல் கலந்து அடித்தால் அந்த லொறியைத் திரும்பச் சுரண்டவேண்டியதுதான்.

கொம்பிரசர் தாங்கியில் தேங்கும் தண்ணீரும் இதே வேலையைச் செய்யும். காலையில் முதல் வேலையாக அதைத் திறந்துவிட வேண்டும். வன்னியில் மார்கழி மாதம் 26 பாகை வெப்பமும் 90 வீத ஈரப்பதனும் இருந்தால் பனிபடுநிலை, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகையைத் தாண்டும். தகடு அதைவிட 3 பாகையாவது கூடச் சூடாக இல்லாவிட்டால் கன்னைத் தொடக்கூடாது. சோளகக் காலத்தில் சிக்கல் மறுபக்கமாக வரும்: நடுப்பகலில் கை வைக்க முடியாத தகட்டில் பெயின்ற் போய் ஒட்டுமுன்னரே காய்ந்து மணல்போலச் சொரசொரக்கும், போதாததற்குக் கிரவல் தூசு. கூடாரம் அடித்து, நிலத்தை நனைத்து, விடியற்புறம் ஈரம் விலகியபின் தொடங்கி பத்து மணிக்குள் முடிப்பது நல்லது.

மூடவேண்டியவற்றை மறந்தால் வரும் கேடு பிறகுதான் தெரியும். அக்சில் மூச்சுத்துளை பெயின்றால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியே எண்ணெய் ஒழுகும். றேடியேற்றர் இதழ்களில் படிந்தால் இஞ்சின் சூடேறும். ஹைட்ரோலிக் தண்டில் பட்டால் அது உள்ளே போய்வரும்போது சீலைக் கிழிக்கும். கப்பலில் வந்த வாகனமென்றால் கடலுப்பை நல்ல தண்ணீரால் கழுவாமல் அடிக்கவே கூடாது. அடுத்த மாரிக்குக் கொப்புளம் போடும். மண்ணெண்ணெயால் துடைப்பதும் வேண்டாம், எண்ணெய்ப்பசை நின்று பெயின்ற் குழி குழியாக விலகும். பழைய பெயின்ற் எதுவென்று தெரியாவிட்டால் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால் அதன் மேல் நேரே அடிக்கக்கூடாது, தோல்போலச் சுருங்கும்.

அவசரத்தில் அடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1990-91 வளைகுடாப் போர் சாட்சி. ஜேர்மனியிலிருந்து பச்சை நிறத்தோடு வந்திறங்கிய அமெரிக்க வாகனங்களுக்கு சவூதியின் டமாம், ஜுபைல் துறைமுகங்களில் மணல் நிறம் அடித்தார்கள். இரசாயன ஆயுத நஞ்சு ஊறாத பொலியூரித்தேன் பெயின்ற் அது. அதன் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேற்று என்ற, நுரையீரலைக் கெடுக்கும் இரசாயனம். தகுந்த சுவாசக் கருவி இல்லாமல் அடித்த சிப்பாய்கள் பலர் பின்னர் மூச்சுக் கோளாறு என்றார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமே விசாரித்து அறிக்கை வெளியிட்டது.

அதே ஐசோசயனேற்றுதான் இன்று ஏ9 வீதியோரக் கராஜ்களில், வான்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் அடிக்கும் ‘டூகே’ பெயின்றிலும், அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரு பொருள் பெயின்றிலும், இருக்கிறது. பொடியன்கள் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். லேஞ்சி தூசைக்கூட அரைகுறையாகத்தான் மறிக்கும். ஐசோசயனேற்று மணம் தெரிவதற்கு முன்னரே கெடுதல் செய்துவிடும். ‘மணக்கவில்லை, பரவாயில்லை’ என்பது இதற்குப் பொருந்தாது. உடம்புக்கு ஒருமுறை அதனால் ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலே இழுப்பு வரும். அப்படியானவர் கன்னை விட்டுவிடவேண்டியதுதான்.

சுத்தமான காற்றைக் குழாயால் கொடுக்கும் முகமூடிதான் இதற்குச் சரி. அந்தக் காற்றை இழுக்கும் வாயை ஜெனரேற்றர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம். பெயின்ற் விற்கும் கடைகள் ஹார்ட்னர் டின்னில் இந்த எச்சரிக்கையைப் பெரிய தமிழ் எழுத்தில் ஒட்டி விற்கவேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறோம்.

வாகன வர்ணப் பூச்சுத் தொழிலாளர் சிலர்,
கிளிநொச்சி.