எங்கள் வேம்பயர் சர்வரின் அட்மின்களுக்கு: என்ன கேட்டாலும் கொடுங்கள், விலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்

வணக்கம் அண்ணா, அக்கா, கதைக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும்.

வேம்பயர், அதாவது ரத்தம் குடிக்கிற பேய், உலாவுகிற ஒரு கதையை ஆளுக்கொரு கேரக்டராக நாம் சேர்ந்து எழுதி ஆடுகிறோம். அடுத்த சீசனிலிருந்து எல்லா கேரக்டரும் ஒரே லோர் ஷீட்டுக்குள் (கதை உலகத்தின் விதிகளை எழுதிய தாளுக்குள்) வர வேண்டும், வராதவை நீக்கப்படும் என்று நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்தேன். தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று பல ஊர்களிலிருந்து ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு வந்து உட்காருகிற எல்லோரையும் பாதிக்கிற விஷயம் இது, அதனால் எல்லோரும் பார்க்கிற மாதிரியே எழுதுகிறேன்.

உங்களுக்கு ஏன் கோபம் வந்தது என்று எனக்குத் தெரியும். ரெக்கை இருக்கும், பகலில் நடக்கும், வேண்டும்போது ஓநாயாகவும் மாறும், வயது அறுநூறு, ஏதோ ஒரு நாட்டின் இளவரசன், இப்படிப்பட்ட கேரக்டர்கள் வரிசையாக வந்தன. சண்டைக் காட்சி என்றால் அவர்கள்தான் ஜெயிப்பார்கள், சோகக் காட்சி என்றாலும் அவர்கள் சோகம்தான் பெரிசு. கேரக்டர் ஷீட்டில் பலவீனம் என்ற இடத்தில் மட்டும் பாதிப் பேர் ஒரே வார்த்தையை எழுதியிருப்பார்கள்: பூண்டு. சரி, பூண்டு என்றே வைத்துக்கொள்வோம். நம் கதை நடப்பது எங்கே? நீலகிரியில். கேத்தி பக்கம் போனால் வயலில் பூண்டு, வீட்டுத் திண்ணையில் காய்கிற பூண்டு, மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிற லாரியில் மூட்டை மூட்டையாகப் பூண்டு. பூண்டு ஆகாத ஒருத்தன் அறுவடைக் காலத்தில் இந்த மலையில் மூச்சு விடவே திணற வேண்டும், லாரிக்குப் பின்னால் கொண்டை ஊசி வளைவில் பைக்கில் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு அவன் கதை முடிந்த மாதிரிதான். இத்தனை நாள் ஆட்டத்தில் இப்படி ஒரு காட்சியாவது வந்ததா? யாரும் எழுதவில்லை, நீங்களும் எழுதச் சொல்லவில்லை. சக்திக்குக் கொடுக்க வேண்டிய விலையான பலவீனம் ஷீட்டில் இருந்தது, ஆட்டத்தில் இல்லை. ரெக்கையைப் பிடுங்கினால் இது சரியாகாது அண்ணா, ரெக்கை இல்லாத இன்னொரு இளவரசன் வந்து நிற்பான், அவ்வளவுதான்.

நீங்கள் தயாரித்திருக்கும் ஷீட்டில் 'ஒரிஜினல் லோர்' என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். அதன் முதல் விதியே வெயில் பட்டால் சாவு என்பது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவல் 1897-இல் வந்தது, அதில் டிராகுலா லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறான், பகலில் அவன் சக்தி குறையும், வெயில் அவனைக் கொல்லாது. வெயிலில் வேம்பயர் அழிந்துபோவது 1922-இல் வந்த நோஸ்ஃபெராட்டு என்ற ஊமைப் படத்துக்குப் பிறகு நிலைத்த வழக்கம். அதே நாவலில் ஓடும் தண்ணீரைத் தாண்ட ஒரு விதி இருக்கிறது: கடல் ஏற்ற இறக்கத்தின் குறிப்பிட்ட நேரங்களில்தான் தாண்ட முடியும். மலையில் கடல் ஏற்றத்துக்கு எங்கே போவது? எந்த விதி முதலில் வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு ஒன்றும் நடக்காது. எந்த விதி நம்மை ஆட வைக்கிறது, எந்த விதி எல்லோரையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்துகிறது என்பதைப் பாருங்கள்.

பெரிய கம்பெனிகளே இதில் திணறியிருக்கிறார்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் என்ற வீடியோ கேமை ஆடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அதில் ஒரு காலத்தில் பலர் வேம்பயர் ஆனதே ரீஜென் (செலவான சக்தி தானாகத் திரும்புவது) கூடும் என்பதற்காக. வெளுத்த தோல் பிடிக்கவில்லை என்றால் மேலே வேறொரு ஸ்கின்னை (தோற்றத்தை மாற்றுகிற உறையை)ப் போட்டு மறைத்துவிடுவார்கள், ரத்தம் குடிப்பதைப் பற்றி யோசிக்கக்கூட மாட்டார்கள். 2020-இல் கிரேமூர் என்ற விரிவாக்கம் வந்தபோது அதை மாற்றினார்கள். குடிக்கக் குடிக்க வேம்பயர் நிலை ஏறும், வேம்பயர் சக்திகளுக்குச் செலவு குறையும், ஆனால் மற்ற சக்திகளுக்குச் செலவு கூடும், காயம் ஆறுவது குறையும், நெருப்பு அதிகமாகச் சுடும். நிறையப் பேர் திட்டினார்கள், ரீஜெனுக்காக வந்தவர்கள் ஓடினார்கள். என் கணக்கில் அந்த மாற்றம் சரியானது. வேம்பயராகவே வாழ நினைத்தவனுக்கு அது பாதை போட்டுக் கொடுத்தது.

இன்னொரு உதாரணம், ஆன்லைன் ஆட்டம் இல்லை என்றாலும் சொல்லியே ஆக வேண்டும். 2004-இல் வந்த வேம்பயர் த மாஸ்கரேட் பிளட்லைன்ஸ் என்ற வீடியோ கேமில் நோஸ்ஃபெராட்டு என்ற கோர முக வேம்பயர் குலத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் முகமே பிரச்சினை. ஜனங்கள் பார்த்தாலே வேம்பயர் என்ற ரகசியம் உடையும், ஐந்து தடவை உடைந்தால் ஆட்டம் முடிந்தது. அதனால் ஊர் முழுக்கச் சாக்கடை வழியாகவே போக வேண்டியிருக்கும். அதே ஊர், அதே கதை, முகம் மட்டும் வேறு, ஆனால் ஆடும்போது வேறு ஒரு ஆட்டம் மாதிரியே இருக்கும். கஸ்டமைசேஷன் (கேரக்டரை நம் இஷ்டப்படி அமைப்பது) என்றால் எனக்கு அதுதான்.

நம் கண் முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். வார இறுதியில் வி ரைசிங் என்ற வேம்பயர் கேம் ஆட நாம் தனியாக ஒரு சர்வர் வைத்திருக்கிறோம் இல்லையா, அந்த ஆட்டத்தில் வெயில், பூண்டு, வெள்ளி எவ்வளவு தாக்க வேண்டும் என்பதைச் சர்வர் நடத்துகிறவர்களே அளவு வைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் கஷ்டப்படுகிறார்கள் என்று நீங்கள் வெயிலைக் குறைத்தீர்கள். நல்ல மனசுதான். அதற்கு முன்னால் நாம் எப்படி ஆடினோம் என்று நினைத்துப் பாருங்கள்: சூரியன் நகர நகர நிழலும் நகரும், மர நிழலிலிருந்து பாறை நிழலுக்கு ஓடுவோம், அவசரத்தில் விறகுக்காக ஒரு மரத்தை யாராவது வெட்டிவிட்டால் மறைய இடம் போய்விடும், எல்லோரும் சேர்ந்து அவரைத் திட்டுவோம். குறைத்த பிறகு நிழலைப் பார்த்து ஓடுவதே நின்றுபோனது. பகலிலேயே கூட்டமாகப் போய் அடித்துவிட்டு வருகிறோம், கொஞ்ச நாளில் பாதிப் பேர் வருவதும் நின்றுவிட்டது. அதைத் திரும்பவும் பழைய அளவுக்கே ஏற்றுங்கள் என்று இந்த மடலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது நம் எழுத்துக் கதைக்கு வருகிறேன். இந்த மலையில் விதிகளுக்குப் பஞ்சமே இல்லை, டிராகுலாவின் ஊரான டிரான்சில்வேனியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. வெயில் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் இறங்கி எதிரில் வருகிற ஆள் தெரியாத ஒரு பகலை நீங்கள் பகல் என்பீர்களா, இரவு என்பீர்களா? ஒவ்வொரு தடவையும் இதற்குச் சண்டை வருகிறது. என் யோசனை, தரையில் உன் நிழல் விழுந்தால் சுடும், விழவில்லை என்றால் சுடாது. இவ்வளவுதான். இதை வைத்தால் வருஷம் முழுக்க ஆட்டம் மாறிக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவ மழையில் கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம், அதே மாதங்களில் தொட்டபெட்டாவின் மறைவில் இருக்கும் கோத்தகிரிக்கு அவ்வளவு மேகம் வராது. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரியும் குன்னூரும் மூடிக்கொள்ளும். அப்புறம் உறைபனிக் காலம், ராத்திரி தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், விடிந்தால் துளி மேகம் இல்லாத நீல வானம். ஜனவரியில் ஒரு வேம்பயர் இந்த மலையில் எப்படிப் பிழைப்பான் என்று யோசித்தாலே எனக்குக் கை பரபரக்கிறது, எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

தப்பி ஓடவும் வழி இல்லை பாருங்கள். மைசூருக்குப் போக வேண்டுமானால் தெப்பக்காட்டில் மாயாற்றைத் தாண்ட வேண்டும், ஓடும் தண்ணீர் ஆகாத கேரக்டருக்குப் பயணம் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர் பிரச்சினை இல்லாதவனுக்கு, ராத்திரி 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பந்திப்பூர் ரோடு அடைப்பு, 2009-லிருந்து இருக்கும் தடை அது. பகலில் போனால் வெயில், இரவில் போனால் கேட். நிஜத்தில் இருப்பதை அப்படியே எடுத்துப் போட்டாலே லோர் ஆகிவிடுகிறது.

நீங்கள் நீக்கச் சொன்ன பட்டியலில் முதலில் இருப்பது குன்னூர் அக்காவின் உச்சிவேளைக் கேரக்டர். 'பகலில் நடமாடுகிறது, லோரில் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். நம் பாட்டிகள் சொன்ன கதைகளில் உச்சிவேளையும் பேய் நேரம்தான், பன்னிரண்டு மணிக்குப் புளியமரத்தடியில் நிற்காதே என்று வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஸ்டோக்கரின் நாவலிலேயே பகலில் டிராகுலா உருமாற முடிகிற நேரங்களில் ஒன்று நண்பகல். சரி, அதை விடுங்கள், அந்த அக்கா அதற்குக் கொடுத்த விலையைப் பார்த்தீர்களா? கால் தரையில் பாவாது, அதனால் ஈரத் தரையில் நடந்தால் தடம் விழாது, உற்றுப் பார்க்கிற யாரும் கண்டுபிடிக்கலாம். இரும்பைத் தாண்ட முடியாது, நம் ஊர்களில் பேய்க்கு இரும்பும் ஆணியும்தானே காவல். இரும்பு என்றால் ரயில் பாதையும் இரும்புதான் என்று அவரே எழுதிக்கொண்டார், யாரும் கேட்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர் மலை ரயில் பாதை, அந்தக் கேரக்டருக்கு அது ஒரு சுவர்.

அந்தக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குன்னூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரயில்வே கேட், கேட் திறந்தே இருக்கிறது, ஜனங்கள் போகிறார்கள் வருகிறார்கள், அவள் மட்டும் தண்டவாளத்துக்கு ஒரு அடி முன்னால் நிற்கிறாள். பின்னால் துரத்தி வருகிறார்கள். என் கேரக்டர் கோத்தகிரி டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவன், எதற்கோ அந்தப் பக்கம் வந்தவன், மயங்கிவிட்டாள் என்று நினைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் இறக்கிவிட்டான். தூக்கும்போதுதான் தெரிந்தது, அவளுக்கு எடையே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு கேரக்டருக்கும் நடுவில் நடந்த ஒவ்வொன்றும் அந்த ஒரு நிமிடத்திலிருந்து வந்தது. எந்த ஷீட்டும் இதைத் திட்டம் போட்டுக் கொடுக்காது. ஒருத்தர் தன் பலவீனத்தை மனதார ஆடினார், அடுத்தவருக்கு அதில் செய்ய ஒரு வேலை கிடைத்தது. நான் கேட்பதெல்லாம் இந்த ஒரு விதியை எழுதுங்கள் என்றுதான்: வழக்கத்துக்கு மாறாக எதைக் கேட்டாலும், அதன் விலை அடுத்தவர் முன்னால் ஆட்டத்தில் தெரிய வேண்டும். சீசனில் ஒரு தடவைகூட அந்தப் பலவீனம் அவரைச் சிக்கலில் மாட்டவில்லை என்றால், அதற்கு ஈடாக வாங்கிய சக்தியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ரெக்கைக்காரருக்கும் இதே பேரம்தான், கொடுங்கள், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பறந்தால் கீழே வேலை செய்கிற அத்தனை பேர் கண்ணிலும் படும் என்பதையும் அவரே எழுதட்டும்.

தோற்றத்தில் தலையிடாதீர்கள். முடி நீலமாக இருந்தால் என்ன, கண் பொன்னிறமாக இருந்தால் என்ன, ஆணா பெண்ணா இரண்டும் இல்லையா, ஸ்வெட்டரா கோட்டா, அதெல்லாம் ஆடுகிறவர் இஷ்டம். அதனால் ஆட்டத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும், அங்கேதான் உங்கள் ஷீட் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மலைப் பழங்குடியான குறும்பர்களின் பெயரில், குறும்பர் மந்திரவாதி வேம்பயர் என்று ஒரு கேரக்டர் உங்கள் அனுமதியோடு ஓடிக்கொண்டிருக்கிறது. சூனியம் வைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் இந்த மலையில் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டிருக்கிறார்கள், 19-ஆம் நூற்றாண்டில் நடந்தது, பழைய மாவட்டக் கையேடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பழியை எடுத்து நாம் ஒரு கேரக்டர் கிளாஸ் ஆக்கக் கூடாது. தோடர்களின் புத்துக்குளியை ரத்தக் கறை போர்வை என்று ஒருத்தர் போர்த்திவிட்டிருக்கிறார், அவர்கள் இறந்தவர்களுக்கும் போர்த்தி அனுப்புகிற துணி அது. காட்டேரியம்மனுக்குப் படையல் போடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, நம் சர்வரிலும் இருக்கலாம், அவளைப் பாஸ் சண்டையாக (வீழ்த்த வேண்டிய பெரிய எதிரியாக) வைக்க வேண்டாம். இதை எல்லாம் விட்டுவிட்டு உச்சிவேளைக் கேரக்டரை நீக்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். அட்மின்களின் கேரக்டர்களுக்கும் இதே விதி வேண்டும். கதையை நகர்த்த வேண்டும் என்பதற்காக மூத்த வேம்பயர்கள் நட்ட நடுப் பகலில் ஊட்டி சேரிங் கிராஸில் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள், கேட்டால் லோர் காரணம் என்கிறீர்கள். அந்தக் காரணத்தையும் விலையையும் எங்களுக்கு எழுதிக் காட்டுங்கள். புதிதாக வருகிற கூடலூர்த் தம்பிகள் உங்கள் கேரக்டரைப் பார்த்துத்தான் தங்கள் கேரக்டரை எழுதுகிறார்கள்.

நீக்கும் பட்டியலை நிறுத்திவைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் அவரவர் கேரக்டருக்கு என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசி மாற்றச் சொல்லலாம், நானும் கூட உட்கார்ந்து எழுத உதவுகிறேன். மேகம் இறங்கிய பகல் பகலா இல்லையா என்பதை மட்டும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், அவலாஞ்சிக் காட்சி அதற்காகத்தான் பாதியில் நிற்கிறது, நாலு பேர் காத்துக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
கோத்தகிரி ராத்திரி ஷிஃப்ட்காரன்