மலைகள் கிடைத்துவிட்டன, இனி அளக்க வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நாம் எல்லோரும் சேர்ந்து அமைக்கவிருக்கும் வானாய்வகத்துக்கு இடம் தேடும் வேலையில் முதற்கட்டம் முடிந்தது. இதுவரை யாரிடமும் பணம் கேட்கவில்லை, தேவையும் வரவில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் எடுத்த உயர வரைபடம், டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் மேகப் பதிவுகள், சுவோமி என்பிபி செயற்கைக்கோள் காட்டும் இரவு வெளிச்சம் எல்லாமே இலவசம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேகம் மிகுந்தவை, ஊர் வெளிச்சம் எட்டுபவை, பாதை போட முடியாத செங்குத்துச் சரிவுகள் என்று கழித்துக்கொண்டே வந்தோம். மிஞ்சியவை சில மலைகள்தான்.

ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பி ஒரு கல்லைக்கூட நடக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. சுவோமியின் இரவுக் கருவி, 0.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியை உணராது. வெள்ளை எல்இடி தெருவிளக்குகள் அள்ளி இறைப்பது அந்த நீலத்தைத்தான். மஞ்சள் விளக்குகளை மாற்றிய ஊர் படத்தில் இருண்டதுபோலத் தெரியும், வானமோ வெளுத்துக் கிடக்கும். மேகப் பதிவில் ஒரு படப்புள்ளி சுமார் ஒரு கிலோமீட்டர் அகலம். பள்ளத்தாக்கில் மூடுபனி படிந்தால், அதற்கு மேலே தெளிவாக நிற்கும் சிகரமும் மேகக் கணக்கில் போய்விடும். நல்ல மலையொன்றை அப்படி இழக்க எங்களுக்கு மனமில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், விண்மீன்களின் படத்தைக் கலங்கடிக்கும் காற்றின் நடுக்கம். அதை உச்சியில் இருந்துதான் அளக்க வேண்டும். டிம் என்ற கருவி அதற்கானது. சிறு தொலைநோக்கியின் வாயை மூடி, இரண்டு துளைகளை மட்டும் விட்டு, ஒன்றில் ஆப்பு வடிவக் கண்ணாடியைப் பொருத்துவார்கள். ஒரே விண்மீன் இரு புள்ளிகளாக விழும். தொலைநோக்கி ஆடினால் இரண்டும் சேர்ந்தே ஆடும், அது கணக்கில் வராது. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் துடித்தால் அது வளிமண்டலத்தின் வேலை. சிலியில் இன்று பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் பரனால் மலை 1990இல் தேர்வானதுகூட இப்படிப் பல ஆண்டுகள் அளந்த பிறகுதான்.

எல்லா மலைகளையும் ஒரே காலத்தில், குறைந்தது ஓராண்டு அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு கருவியை மலைக்கு மலை தூக்கிச் செல்வதில் பயனில்லை. ஒவ்வோர் உச்சிக்கும் ஒரு டிம், முழுவானக் கேமரா, இரவு வானின் வெளிச்சத்தை அளக்கும் மானி, வானிலைக் கம்பம், சூரியத் தகடு, பேட்டரி தேவை. உங்களிடம் கேட்பது இவற்றுக்காகவே.

இயன்ற தொகையைக் குழுவின் பொருளாளரிடம் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். பயன்படும் நிலையிலுள்ள சிறு தொலைநோக்கி, மடிக்கணினி தந்தாலும் மகிழ்ச்சியோடு ஏற்போம். தேறாத மலைகளின் அளவீடுகள் உட்பட அனைத்தையும் வரவு செலவுக் கணக்கோடு நன்கொடையாளர்களுக்கு அனுப்பிவைப்போம்.

இங்ஙனம்,
இடத்தேர்வுக் குழு