கேள்வி கேட்காமல் வாசிக்க விடுங்கள்

ஆசிரியருக்கு,

அரசுப் பள்ளிகளில் நடைபெறும் வாசிப்பு இயக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். 2023-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 'நுழை, நட, ஓடு, பற' என வாசிப்புத் திறனுக்கேற்ப வகைப்படுத்தி வழங்கப்படும் சிறு நூல்கள் குழந்தைகளின் மனமறிந்து எழுதப்பட்டவை. ஆனால், படித்து முடித்ததும் 'சுருக்கி எழுது' என்று சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு பாடநூலாகிவிடும். நான் ஆசிரியராக இருந்தபோது, எழுத்துக்கூட்டவே கூச்சப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், வீட்டில் ஆடு வளர்ப்பவன் என்பதால், ஆட்டுக்குட்டிப் படம் போட்ட ஒரு கதை நூலைத் தானாகவே எடுத்து மூன்று நாள் சட்டைக்குள் செருகி வைத்திருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் அவனே என் மேசைக்கு வந்து, "ஐயா, பால்குடி மறக்காத குட்டி இவ்வளவு தழை தின்னாது, தப்பாப் போட்டிருக்காங்க" என்றான். அன்றே அடுத்த நூலையும் கேட்டு வாங்கிச் சென்றான்.

எனவே, பீரோவில் பூட்டிக் கிடக்கும் நூல்களை மாணவர் கைக்கெட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடவும், நூலகப் பாடவேளையை வேறு பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளாமல் காக்கவும், பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்க மாணவரை அனுமதிக்கவும் பள்ளிக் கல்வித்துறை தெளிவாக அறிவுறுத்த வேண்டும்.

- ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்