அது வாயால் ஒட்டும் மீன் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவானி ஆற்று மீன்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ‘மலையாற்றுக் கெளுத்தி வாயால் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே படம்: கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற தென் அமெரிக்க சக்கர் மீன்! மனது வலித்தது.

இந்தக் கெளுத்தியின் அறிவியல் பேரினப் பெயர் கிளிப்டோதோராக்ஸ். அதற்கே ‘செதுக்கிய மார்பு’ என்றுதான் பொருள். 1860-இல் விலங்கியலாளர் பிளைத் வைத்த பெயர், தாங்கள் அறியாததல்ல. மீனை ஈரக் கையில் மல்லாத்திப் பாருங்கள். மார்புத் துடுப்புகள் இரண்டுக்கும் நடுவே தோல் வரிவரியாக மடிந்திருக்கும். வெள்ளம் அடித்துப் போகாமல் பாறையைப் பற்றுவது அந்த மடிப்புகள்தான். வாய் சிறியது, அடிப்பக்கம் இருப்பது, கல்லிடுக்குப் பூச்சிகளைத் தின்பதற்கானது. மீசை நான்கு ஜோடி, உடம்பில் செதிலே கிடையாது. சக்கருக்கோ மீசை ஒரே ஜோடி, மேலெல்லாம் எலும்புத் தகடு. இதில் குழம்ப என்ன இருக்கிறது?

முன்பும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாட்டுக் கெளுத்தி என்று அச்சிட்டீர்கள். சுட்டிக்காட்டிய கடிதம் வெளிவரவில்லை. ஓடைக்கு ஓடை தடுப்பணை கட்டினால் மீன் பெருகும் என்று தலையங்கமும் வந்தது. தேங்கிய நீரில் கெண்டை பெருகலாம். ஆனால் நீரோட்டம் தளர்ந்தால் வண்டல் படியும், கல்லிடுக்கு அடைபடும், அங்கே வாழும் பூச்சிகள் போகும். கல்மேல் சேறு பூசிவிட்டால் மார்பு மடிப்புக்கும் பிடிமானம் இல்லை. கோடையில் மடுவில் பிளீச்சிங் பவுடர் கொட்டி மீன் பிடிக்கிறார்களே, அதைப் பற்றி ஒரு வரி எழுதினீர்களா?

இந்தக் கிளிப்டோதோராக்ஸ் வகையில், பவானியிலிருந்து 1873-இல் மீனியலாளர் டே விவரித்த இனத்தின் பெயர் மெட்ராஸ்பட்டானஸ். 1952-இல் மீனியலாளர் சைலஸ் விவரித்தது ஆனைமலையென்சிஸ். நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய மீனுக்கு நம் இதழிலேயே இடமில்லை என்றால் எங்கே போவது?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தமும் சரியான படமும் போதும். படம் அடிப்பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். தட்டையான கண்ணாடிப் பெட்டியில் அதே ஓடைத் தண்ணீரை நிரப்பி, மீனை விட்டு, கீழிருந்து எடுக்க வேண்டும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஓடும் நீரில் வாழ்வது, பெட்டி நீரில் மூச்சுத் திணறும். பிடித்த இடத்திலேயே, நீர் பாய்கிற கல்லருகே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மேட்டுப்பாளையம்.