என் வீட்டுக்காரர் பேராசைக்காரர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணைய மோசடிகளைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று விவரமாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், பேராசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை ஏமாற்றுகிறவர்களும் இருக்கத்தான் செய்வார்கள் என்று ஒரு வரி. நாலு நாளாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

என் வீட்டுக்காரரும் அதை வாசித்தார். வாசித்துவிட்டு இதழை மடித்து டிவி ஸ்டாண்டு மேல் வைத்தவர், ஒன்றும் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக உங்கள் இதழை வாங்குகிறோம். இதற்கு முன் ஒரே ஒரு கடிதம்தான் போட்டிருக்கிறேன். அதை நீங்கள் வெளியிடவில்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அவர் 31 வருடம் பஸ்ஸில் கண்டக்டர். கள்ள நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கமாட்டார். விரலில் பட்டதுமே, இது வேண்டாம், வேறு கொடுங்கள் என்பார். வசூலில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் சொந்தப் பையிலிருந்து போட்டுக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்த மனிதர் 2022 நவம்பரில் அரை மணி நேரத்தில் 61,998 ரூபாயைப் பறிகொடுத்தார்.

அப்போது என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி இருக்கும், அவர் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணில் மின்வாரிய அதிகாரியைக் கூப்பிடவும் என்று இருந்தது. அந்த வருடம் ஊர் ஊராக எத்தனையோ பேருக்கு இதே மெசேஜ் வந்ததாக நீங்களே செய்தி போட்டீர்கள்.

நாங்கள் பில் கட்டியிருந்தோம். ரசீதும் வெள்ளை அட்டையோடு சேர்த்து அலமாரியில் இருந்தது. கட்டாதவர்களாக இருந்திருந்தால், நாளைக்கு ஆபீஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்போம். ஒழுங்காகக் கட்டிவிட்டோமே, பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் எதற்காக பியூஸைப் பிடுங்குகிறார்கள் என்று கேட்கத்தான் அவர் அந்த நம்பருக்குப் போன் போட்டார். இதில் ஆசை எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

பேசியவன் வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டான். நீங்க கட்டிட்டீங்க சார், எங்க கம்ப்யூட்டர்ல ஏறல, பத்து ரூபாய் கட்டினா சரியாகிடும் என்றான். ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான். நம் போன் திரையை அப்படியே அவனுக்குக் காட்டுகிற ஆப் அது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஏடிஎம் கார்டில் இருக்கிற எண்களை ஒவ்வொன்றாகத் தட்ட, அங்கே அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஓடிபி வந்தது. இவர் அதை வாய் திறந்து யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே அவனுக்கு இருக்கவில்லை. முதலில் 24,999 போனது. மறுபடியும் 24,999. அப்புறம் 12,000. மகளின் பிரசவச் செலவுக்கும் பிள்ளைக்கு அரைஞாண் வாங்கவும் வைத்திருந்த பணம்.

மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அடுத்து ஞாயிறு. திங்கட்கிழமை காலையில் வங்கி திறக்கும் முன்பே போய் நின்றோம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. ஓடிபியைச் சொல்லியிருப்பீங்க, அதுக்கு பேங்க் பொறுப்பில்லை என்றார். நான் யார்கிட்டயும் சொல்லலை சார் என்று இவர் மூன்று தடவை சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கு அவர் முகம் இருந்த நிலையை நான் எழுத முடியாது.

ரொம்ப நாள் கழித்து என் அக்கா மகன் சொல்லித்தான் தெரிந்தது, ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே இதற்கென்று ஒரு சுற்றறிக்கை போட்டிருக்கிறது. தவறு நம்மிடமும் இல்லாமல் வங்கியிடமும் இல்லாமல் மூன்றாவது ஆளால் பணம் போயிருந்தால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. புகாரை 90 நாளுக்குள் முடித்தாக வேண்டும். இதுதான் அப்போது இருந்த விதி. எங்கள் விஷயம் அதில் எந்தக் கணக்கில் வரும் என்று வாதாடியிருக்கலாம். அப்படி ஒன்று இருப்பதை அந்த மேஜையில் ஒருவரும் சொல்லவில்லை.

போலீஸில்தான் கொஞ்சம் மனிதராக நடத்தினார்கள். ஒரு இளம் காவலர், அம்மா, வெள்ளிக்கிழமை ராத்திரியே 1930-க்குப் பேசியிருந்தா, பணம் போன கணக்கை நிறுத்தி வைக்கப் பார்த்திருக்கலாமே என்றார். இணைய மோசடியில் பணம் போனால் உடனே புகார் சொல்ல 1930 என்று ஒரு நம்பர் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். வாராவாரம் உங்கள் இதழை அட்டை முதல் அட்டை வரை வாசிக்கிற வீடு இது. அதில் ஒரு நாளும் நான் அந்த நம்பரைப் பார்த்ததில்லை. போன பணம் போனதுதான். இன்று வரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

எங்கள் தெருவில் பூ விற்கிற அம்மாவிடம், கோயில் விசேஷத்துக்கு மொத்தமாகப் பூ வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், பின் நம்பர் போட்டால் பணம் ஏறிவிடும் என்று ஒருவன் போனில் சொன்னான். போட்டதும் கணக்கில் இருந்த 3,200-ம் போய்விட்டது. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும் என்று யாராவது முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். முழம் போட்டு விற்கிறவர் மொத்த வியாபாரம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டது பேராசையா? போலீஸ் மாதிரி போனில் பேசி, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்று மிரட்டி, ஓய்வுபெற்ற அதிகாரிகளையும் டாக்டர்களையும் வீடியோ காலில் உட்கார வைத்துப் பணத்தைப் பிடுங்குகிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொல்ல வேண்டி வந்தது. அவர்கள் எல்லாரும் எதற்கு ஆசைப்பட்டார்கள்? மானத்துக்குப் பயந்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஒரு தடவை தப்பித்திருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன். காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பட்டப்பகலில் வந்து, கேஸ் கம்பெனியிலிருந்து வருகிறேன், டியூப் மாற்ற வேண்டும், 1,150 ரூபாய் என்றார். கழுத்தில் அடையாள அட்டையும் தொங்கியது. சந்தேகம் இருந்தால் இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று அவரே ஒரு நம்பரும் கொடுத்தார். நான் கேஸ் புத்தகத்தை எடுத்து, அதில் அச்சடித்திருக்கிற ஏஜென்சி நம்பருக்குப் பேசினேன். நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். திரும்பிப் பார்த்தால் வண்டியே கிளம்பிவிட்டது. இதே மாதிரி அந்த வெள்ளிக்கிழமையும் மெசேஜில் இருந்த நம்பரை விட்டுவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987-க்குப் பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் பகலில் வாசலில் நிற்கிற ஆளிடம் நிதானமாகக் கேள்வி கேட்கிற மாதிரி, ராத்திரி பிள்ளை அழுகிற வீட்டில் கேட்க வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானே அவர்களும் அனுப்புகிறார்கள்.

சரி, என் பழைய கடிதத்துக்கு வருகிறேன். வீட்டிலிருந்தே ஊதுபத்தி உருட்டி மாதம் 25,000 சம்பாதிக்கலாம் என்று உங்கள் இதழில் ஒரு விளம்பரம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அதை நம்பி 8,000 ரூபாய் டெபாசிட் கட்டினாள். ஒரு மூட்டை மாவு வந்தது. உருட்டி அனுப்பியதைத் தரமில்லை என்று திருப்பிவிட்டார்கள், டெபாசிட்டும் வரவில்லை. இதைத்தான் எழுதியிருந்தேன். பதில் இல்லை. அதற்கு அப்புறமும் மூன்று வாரம் அந்த விளம்பரம் வந்தது. 2012-ல் ஈமு கோழிப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடியபோது என் தம்பியும் பணத்தை விட்டான். போர்வெல் வற்றிப்போய், காட்டை விற்க மனசில்லாமல், இதையாவது பார்ப்போம் என்று போட்ட பணம். அதற்கு முன் அந்தக் கோழிக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் வந்தது பத்திரிகைகளில்தான். பேராசை என்று இன்றைக்கு எழுதுவதற்கு முன் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்த்திருக்கலாம். உங்கள் மேல் மரியாதை இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அதற்கு அப்புறம் அவர் தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை. தெரிந்த நம்பர் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுகிறார். பேங்குக்குப் பாஸ்புக் பதியப் போவதும் நான்தான். பேரனுக்கு இப்போது கடைகடையாகக் கூட்டிப் போகச் சொல்கிற வயது. தாத்தா அவனுக்குச் சில்லறை எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார். அந்த நேரத்தில் மட்டும்தான் பழைய ஆளாக இருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு இதழிலும் ஒரே இடத்தில், கண்ணாடி இல்லாமலே தெரிகிற எழுத்தில், பணம் போனால் உடனே 1930 என்று போடுங்கள். அந்த நேரத்தில் இதழைத் தேட முடியாது, எண் முன்னமே மனசில் பதிந்திருக்க வேண்டும். ராசிபலன் பக்கத்தில் போட்டால் நல்லது. அவர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

அப்புறம், அந்த வரி தவறு என்று அடுத்த இதழில் இரண்டு வார்த்தை போடுங்கள். முந்தைய இதழ் இன்னும் டிவி ஸ்டாண்டு மேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வத்தலக்குண்டு.
(பெயர் வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும்.)