பென்சன் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது நாலு நாளாக மனதுக்குள் கிடக்கிறது. "இத்தனை பேருக்குச் சும்மா பென்சன் கொடுத்தால் நாடு எப்படியம்மா எழும்பும்?" என்றாய். எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால், நீ சொன்னதில் பாதி சரி.

34 வருஷம் அரச வேலை செய்தேன். மாதாமாதம் என் சம்பளத்தில் வெட்டியது விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்கள்), அநாதைகள் ஓய்வூதியத்துக்கு. அது என் காலத்துக்குப் பிறகு குடும்பத்துக்குப் போவதற்கானது. இப்போது என் கைக்கு வரும் பென்சனுக்கு நான் ஒரு சதமும் கட்டவில்லை. அது திறைசேரியில் இருந்து, இன்றைக்கு வரி கட்டுகிறவர்களின் காசில் வருகிறது. இங்கே கொழும்பில், வெள்ளவத்தைச் சந்தையில் எனக்கு மீன் வெட்டித் தருகிறவர் ஒரு சவர்க்காரம் வாங்கினாலும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிறார். அவருக்கு வயது போனால் பென்சன் இல்லை. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட எங்களுக்கு அவரும் சேர்ந்துதான் கொடுக்கிறார். இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருக்கிறது.

ஆனால், பென்சனை நிறுத்திவிட்டு எல்லாரையும் சேமலாப நிதிக்கு, அதுதான் கம்பெனி வேலைக்காரருக்குச் சம்பளத்தில் வெட்டிச் சேர்த்து ஓய்வில் மொத்தமாகத் தருகிறதே, அதற்கு மாற்றினால் சரியாகிவிடும் என்றாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அப்பாவை நீ மறந்துவிட்டாய்.

அப்பாவின் அந்த நீலக் கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். 2018இல் சேமலாப நிதி கைக்கு வந்த நாளில் இருந்து எல்லாம் எழுதியிருக்கிறார். அவர் சம்பளத்தில் 8 சதவீதம், கம்பெனி போட்ட 12 சதவீதம், வாழ்நாள் முழுக்க உழைத்த காசு. அக்காவின் கலியாணத்துக்கு ஒரு பங்கு, கூரை திருத்த ஒரு பங்கு. மிச்சம் 15 இலட்சத்தை மூத்த குடிமக்களுக்கான 15 சதவீத வட்டிக்கு வைப்பில் போட்டார். மாதம் 18,750 ரூபாய். ஒவ்வொரு மாதமும் அந்த எண்ணை எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறார். 2022 வந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது. ஒக்டோபரில் அந்த விசேட வட்டியையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கொப்பியில் கோடு இல்லை, கேள்விக்குறிதான் இருக்கிறது. அப்பா போன பிறகு, வட்டி 8 சதவீதத்துக்கு இறங்கியபோது அதே காசுக்கு எனக்கு வந்தது 10,000. என் பென்சன் இல்லையென்றால் நான் உன்னிடம்தான் கை நீட்டியிருப்பேன்.

என் பக்கமும் ஆட்டம் காணாமல் இல்லை. ஓய்வு வயதை 65 ஆக்கினார்கள், சில மாதத்தில் திரும்ப 60 என்றார்கள். 2022 டிசம்பர் 31ஆம் திகதி எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் ஐந்து பேருக்குப் பிரியாவிடை, அதில் நானும் ஒருத்தி. பணிக்கொடை பல மாதம் பிந்தித்தான் வந்தது. நிதி என்று ஒன்று ஒதுக்கி வைக்காமல் வாக்கை மட்டும் கொடுத்தால், பெட்டி காலியாகும் நாளில் அந்த வாக்கும் தள்ளாடும் என்று அன்றுதான் விளங்கியது.

சரி, நிதி இருந்தால் போதுமா? சேமலாப நிதிக்கு 1958இல் இருந்து காசு சேர்கிறது. அதில் பெரும்பகுதி அரசாங்கத்துக்கே கடனாகப் போயிருந்தது. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் அந்த முறிகளுக்கு, அதாவது கடன் பத்திரங்களுக்கு, வட்டி 2025வரை 12 சதவீதம், அதற்குப் பிறகு 9 சதவீதம் என்று வைத்தார்கள். சம்மதிக்காவிட்டால் நிதி கட்டும் வரி 14இல் இருந்து 30 சதவீதம் ஆகும் என்றார்கள். வங்கிகளின் முறிகளைத் தொடவில்லை, அவை ஏற்கெனவே கூட வரி கட்டுகின்றன என்று காரணம் சொன்னார்கள். தையல் மெஷினில் குனிந்திருக்கும் பிள்ளைகளின் காசு அது, தம்பி. அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

புதிதாக அரச வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கு கட்டட்டும், எனக்குச் சம்மதம். 2016இல் இருந்து சேர்கிறவர்களுக்கு அப்படித்தான் என்று தொடங்கி, பிறகு பழைய முறைக்கே போனார்கள். அதை விட்டிருக்கக் கூடாது. ஆனால் சேர்கிற காசை அரசாங்கம் நினைத்தபடி எடுக்க முடியாமல் சட்டத்தில் பூட்டு வேண்டும். கடைசியில் மொத்தமாகக் கொடுக்காமல் சாகும்வரை மாதாமாதம் கொடுக்க வேண்டும். மீன் வெட்டுகிறவரும் முடிந்ததைக் கட்டிச் சேர வழி இருக்க வேண்டும். இருபது, முப்பது வருஷம் வேலை செய்துவிட்டவர்களுக்கு இடைநடுவில் கணக்கை மாற்றுவது மட்டும் கூடாது. அந்தப் பென்சனை நம்பித்தான் குறைந்த சம்பளத்துக்கு இருந்தோம்.

மெல்பேர்னில் உனக்கு முதலாளி சம்பளத்தில் 12 சதவீதம் சூப்பரில், அந்த ஓய்வுகாலச் சேமிப்பில், போடுகிறார் என்றாய், நல்லது. ஆனால் அங்கேயும் 67 வயதில், வசதி பார்த்து, வரிக் காசில் ஏஜ் பென்சன் கொடுக்கிறார்கள் என்று நீதானே முன்பு ஒருமுறை சொன்னாய்? இரண்டும் சேர்ந்துதான் அங்கே கிழடுகளைத் தாங்குகிறது.

நீ சூப்பர் காசை எடுக்கும்போது மொத்தமாகத்தான் எடுக்க வேண்டுமா, மாதாமாதம் வருகிற மாதிரியும் மாற்றலாமா? விசாரித்து ஞாயிற்றுக்கிழமை சொல். உன் சித்தி மகள் இந்த மாதம் கம்பெனி வேலையில் சேர்ந்திருக்கிறாள். முதல் சம்பளத் துண்டைக் கொண்டுவந்து, "இந்த 8 சதவீதம் எங்கே போகுது பெரியம்மா?" என்று கேட்டாள். அப்பாவின் கொப்பியை எடுத்து அவளுக்குக் காட்டினேன்.

அன்புடன்,
அம்மா